வசந்தாமணி வளர்த்த பைன்

அக்டோபர் 14

இந்த நோட்டில் இன்று முதல் என் கையெழுத்து. இதற்கு முந்தைய நூற்று முப்பது பக்கங்களும் என் வீட்டுக்காரி வசந்தாமணி எழுதியவை. கடைசி ஆறேழு பக்கங்களில் அவள் எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போயிருக்கிறது. போன வாரம் கத்தரிக்கோல் அவள் விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள், எடுக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இன்று காலை நோட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "இனி நீங்களே எழுதுங்க. தேதி போட்டு, மரத்துக்கு என்ன செஞ்சீங்கன்னு எழுதுனாப் போதும்" என்றாள்.

மரம்: கறுப்புப் பைன், போன்சாய். விதை போட்டு அவளே வளர்த்தது. வயது இருபத்திரண்டு. தொட்டியிலிருந்து நுனிவரை இரண்டடி. மலைச்சரிவில் காற்றுக்குச் சாய்ந்து நிற்கும் ஒரு பெரிய மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம். போன வருஷமே கிளைகளை வளைத்து நிறுத்தக் கம்பி சுற்றியிருக்க வேண்டும். கை வலிக்கிறது என்று தள்ளிப்போட்டாள்.

அது வெறும் வலி இல்லை என்று ஜூலை எட்டாம் தேதி கோயம்புத்தூரில் டாக்டர் சொன்னார். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகுமாம். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. நோட்டைப் புரட்டி அந்தத் தேதியைப் பார்த்தேன். "கடலைப் புண்ணாக்கு உரம் வைத்தேன்" என்று எழுதியிருக்கிறாள்.

இன்று செய்தது: தண்ணீர் இரண்டு செம்பு. தண்டின் அடியில் ஏறியிருந்த பாசியைச் சுரண்டினேன்.

அக்டோபர் 19

மழை விட்டது. பழைய இலை எடுக்கும் வேலை. பைன் இலை ஊசி மாதிரி இரண்டிரண்டாக இருக்கும். போன வருஷத்து இலை கீழே, இந்த வருஷத்து இலை மேலே. கீழே உள்ளதை மட்டும் இடுக்கியால் பிடித்து, அது வளர்ந்த திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் பட்டை கிழியும்.

வசந்தா நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, போல்ட்டுக் கழட்டற மாதிரி இழுக்காதீங்க" என்றாள். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்த கை, வேறு எப்படி இழுக்கும்? மூன்று கிளை முடிந்தது. எரிவாயு சிலிண்டர் வந்தது.

நவம்பர் 2

பழைய பேரிங் ஒன்றைப் பலகைக்கு அடியில் பொருத்தி, மரத்தொட்டியை அதன்மேல் வைத்தேன். இனி ஒரு விரலால் தள்ளினால் மரம் சுற்றும். அவள் எழுந்திருக்காமலே நாலு பக்கமும் பார்க்கலாம். நானாகச் செய்ததில் அவளுக்குப் பிடித்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

செம்புக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தேன். அப்படிச் செய்தால் நூல் மாதிரி வளையும், வளைத்தபின் இறுகிக்கொள்ளும். இது எனக்குத் தெரிந்த வேலை.

கரண்டிப் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி மொத்தமாக்கினேன். இரண்டு நாளாக அதில் சாப்பிடுகிறாள்.

நவம்பர் 6

கோயம்புத்தூர் போய்வந்தோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து இரண்டு மணி நேரம் நின்றோம். ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று காரில் வசந்தா கேட்டாள். கோத்தகிரியிலேயே இருக்கலாமாம் என்றேன்.

மகள் கோகிலவாணி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அவளிடமும் அதையே சொன்னேன்.

மாலை தண்ணீர் ஊற்றினேன்.

நவம்பர் 15

கம்பி சுற்றல். நுனி முடிந்தது.

நவம்பர் 18

காட்டெருமை வேலியை மிதித்துப் போட்டிருக்கிறது. நல்லவேளை, மரம் உள்பக்கம் இருந்தது. வேலி கட்டினேன்.

நவம்பர் 23

இடதுபக்க முதல் கிளைதான் மரத்துக்கு முக்கியம் என்பாள். கட்டைவிரல் மொத்தம். மேல்நோக்கி நிற்கிறது. அது கீழே இறங்கினால்தான் மரத்துக்கு வயசான தோற்றம் வரும். ஈர நார் சுற்றிக் கட்டி, திருகாணி போட்ட கம்பியால் தொட்டியோடு இழுத்து நிறுத்தியிருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு சுற்றுதான் திருக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அப்படியே நாலு நாள் திருகினேன்.

இன்று ஏழு சுற்றுத் திருகிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. காலையில் அவளால் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை.

கிளை முறிந்தது. முழுக்க இல்லை, பாதி. சத்தம் பெரிதாக இல்லை. அவள் உள்ளே படுத்திருந்தாள். விரிசலை ஒன்றுசேர்த்து மேலே நார் சுற்றினேன். அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி தொட்டியைத் திருப்பி வைத்தேன்.

நவம்பர் 25

கிளை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இறங்கியிருக்கிறது என்றேன்.

நவம்பர் 26

அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது என் கையை முகர்ந்து பார்த்தாள். மூன்று நாளாகக் கையில் பைன் பிசின் வாசனை போகவில்லை. கம்பி சுற்றினால் இவ்வளவு பிசின் ஒட்டாது. அவளுக்குத் தெரியாதா?

"எந்தக் கிளைங்க?" என்றாள்.

சொன்னேன்.

"நேத்து கேட்டப்பச் சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். அப்புறம் பேசவில்லை.

நவம்பர் 29

இன்றும் பேசவில்லை. தண்ணீர், இரண்டு செம்பு.

நவம்பர் 30

மதியம், "வெயில் வந்திருக்குது, மரத்த வெளிய வெய்ங்க" என்றாள். வைத்தேன்.

அவளுக்குக் குரல் எத்தனை நாள் இருக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. அதில் மூன்றரை நாள் என்னோடு பேசாமல் போயிற்று. தப்பு என்னுடையது.

டிசம்பர் 12

பேச்சு குழறுகிறது. மற்றவர்களுக்குப் புரிவதில்லை. எனக்குப் புரிகிறது. காலையில்தான் தெளிவாக இருக்கிறது, அதனால் மரத்து வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டோம். வலதுபக்க இரண்டு கிளை முடித்தேன். ஒரு கிளையை மூன்று தடவை அவிழ்த்துச் சுற்ற வைத்தாள். மூன்றாவது தடவை "ம்" என்றாள்.

டிசம்பர் 13

டாக்டர் ஜெசிந்தா வந்தார். கோத்தகிரியில் பல் வைத்தியர். இருபது வருஷமாக வசந்தாவும் அவரும் சேர்ந்துதான் இந்தச் சிறுமரங்களை வளர்க்கிறார்கள். தபாலாபீஸ் வேலை முடிந்து வசந்தா நேராக அவர் வீட்டுக்குத்தான் போவாள். என் கம்பி வேலையைக் குனிந்து பார்த்தார். "அண்ணா, ஃபேக்டரிக்கு வயரிங் பண்ண மாதிரி இருக்கு" என்றார். வசந்தா சிரித்தாள். சிரித்தபோது புரையேறி, மூச்சு திரும்ப நேரமாகிவிட்டது. ஜெசிந்தா அதற்கப்புறம் சிரிக்க வைக்கவில்லை.

போகும்போது வாசலில், ராத்திரி மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தூங்குகிறாள் என்றேன்.

ஜனவரி 4

உறைபனி. புல் முழுக்க வெள்ளை.

முறிந்த கிளை பிழைக்கவில்லை. இலை வெளுத்து, தொட்டால் உதிர்கிறது. காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, பட்டையை உரித்து வெள்ளையாக விடச் சொன்னாள். மலை உச்சியில் இடி விழுந்த மரங்களில் அப்படி ஒரு வெள்ளைக் கொம்பு நிற்கும். குறடால் கவ்வித் திருகினால் பட்டை வந்துவிடுகிறது. உள்ளே மரம் ஈரமாக, எலும்பு நிறத்தில் இருந்தது. நுனியைக் கத்தியால் கூராக்கினேன்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "கெளை இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். ஆறுதலுக்குப் பொய் சொல்ல மாட்டாள்.

ஜனவரி 13

கோகிலவாணி பொங்கலுக்கு வந்திருக்கிறாள். அம்மாவைப் பார்த்ததும் சமையலறைக்குப் போய்விட்டாள். தீபாவளிக்குப் பார்த்தது. அதற்குள் வசந்தா பத்துக் கிலோ குறைந்திருக்கிறாள்.

ஜனவரி 15

எழுதத்தான் வேண்டும்.

காலையில் கோகிலா துவைக்க எடுத்த துணியில் என் சட்டையும் இருந்தது. பையில் அந்தத் தாள். நவம்பர் ஆறாம் தேதி டாக்டர் எழுதிக் கொடுத்தது. மூச்சுத் தசை பலவீனம், மலை உயரமும் குளிரும் ஆகாது, டிசம்பருக்குள் கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தூங்கும்போது முகமூடி மெஷின் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

அவள் கூடத்துக்கு வந்து, தாளை என் முன்னால் நீட்டி, "ஏனுங்கப்பா, ரெண்டு மாசமா இத வச்சுட்டு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

மரத்துக்குக் கம்பி போட்டிருக்கிறது, மார்ச்சில்தான் எடுக்க வேண்டும், அதற்கப்புறம் போகலாம் என்று இருந்தேன் என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது வசந்தா நாற்காலியிலிருந்து ஏதோ சொன்னாள். கோகிலாவுக்குப் புரியவில்லை. "அம்மா என்ன சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. வசந்தா திரும்பவும் சொன்னாள். என்னைப் பார்த்தே சொன்னாள். நான்தான் மகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தத் தாள அவளும் படிச்சாளாம். இங்கயே இருக்கலாம்னு அவதான் சொன்னாளாம்."

கோகிலா அம்மாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "நெசமாம்மா?" என்றாள். வசந்தா தலையை ஆட்டினாள்.

அந்தத் தாள் என் சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததே இல்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்வேன். பொங்கல் வேலையில் நேற்று மறந்துவிட்டேன். அவளால் எழுந்து வந்து என் பையில் கைவிட முடியாது.

மலை இறங்கினால் இந்த வீட்டுக்கு அவள் திரும்பி வரமாட்டாள் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

ஜனவரி 16

கீழே போகலாம் என்று வசந்தாவே சொல்லிவிட்டாள்.

ஜனவரி 22

கோயம்புத்தூர் வெயிலில் இந்த மரம் ஒரு கோடை தாங்காது. ஜெசிந்தாவிடம் கொடுத்துவிடலாம் என்றாள் வசந்தா. அவர் ஜீப்பில் பின்சீட்டில் வைத்து, தொட்டியைச் சுற்றி என் பழைய ஸ்வெட்டரை அண்டக்கொடுத்தேன். வசந்தாவை நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கி வந்தோம். ஜீப் வளைவில் திரும்பும்வரை பார்த்தாள். அழவில்லை. உள்ளே கொண்டுபோகச் சொன்னாள், குளிர்கிறதாம்.

நோட்டையும் கொடுக்கப் போனேன். ஜெசிந்தா வாங்கவில்லை. என்ன செய்தாலும் போனில் சொல்கிறேன், நீங்களே எழுதுங்கள் என்றார்.

ஜனவரி 28

கவுண்டம்பாளையம். கோகிலா வீடு. முகமூடி மெஷின் வைத்து முதல் நாளே ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். நவம்பரிலேயே இப்படித் தூங்கியிருக்கலாம்.

பிப்ரவரி 17

ஜெசிந்தா போன். மண் மாற்றினாராம். வேர் நன்றாக இருக்கிறதாம். வசந்தாவிடம் சொன்னேன். இப்போது அவளுக்குப் பேச்சு இல்லை. கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை.

பிப்ரவரி 24

கோகிலா ஒரு எழுத்து அட்டை செய்திருக்கிறாள். மேலே பன்னிரண்டு உயிரெழுத்து, கீழே பதினெட்டு மெய். முதலில் மெய்யை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போக வேண்டும், அவள் கண்ணை மூடும் இடத்தில் நிறுத்தி, அப்புறம் உயிர். இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து. "தண்ணி" என்று கேட்க நாலு நிமிஷம் ஆகிறது.

மார்ச் 9

மரத்துக்குப் புது மொட்டு வந்திருப்பதை ஜெசிந்தா போனில் படம் பிடித்து அனுப்பினார். பைன் மொட்டு மெழுகுவத்தி மாதிரி நேராக மேலே வரும். படத்தை வசந்தாவின் கண்ணுக்கு நேரே பிடித்தேன். எது வலுவாக இருக்கிறது, எதைக் கிள்ள வேண்டும், நுனியில் எத்தனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் கண்ணை மூடினாள். இரண்டு தடவை. அட்டையைப் பார்த்தாள்.

எடுத்து வந்தேன். முதல் சொல், மரம். இரண்டாவது, போதும்.

தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். இல்லை. அட்டையிலேயே பார்வை இருந்தது. ப வரிசையில் நிறுத்தினாள். பே. அப்புறம் சு. அப்புறம் ங். அடுத்ததற்கு நான் விரல் வைக்கும் முன்பே புரிந்துவிட்டது.

நாற்பது வருஷத்தில் நான் அவளோடு உட்கார்ந்து பேசியது குறைவு. அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், அதுவும் பாதிதான் கேட்பேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஃபேக்டரியில் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ரோலர் மெஷின் நின்றுபோனதைச் சொன்னேன். கல்கத்தாவிலிருந்து பேரிங் வர பத்து நாளாகும் என்றார்கள். இலை குவிந்து கிடந்தது. நானும் கூட வேலை பார்த்த ஜோகியும் பழைய பம்ப்பிலிருந்து ஒரு பேரிங்கைக் கழற்றி, லேத்தில் கடைந்து, விடியற்காலையில் ஓட வைத்தோம். மேனேஜர் கை கொடுத்தார். இதை அன்றைக்கு வீட்டில் வந்து சொல்லவே இல்லை. தூங்கிவிட்டேன்.

ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

மார்ச் 10

ஹைஸ்கூலில் படிக்கும்போது தண்டவாளத்தில் நடந்து பல் உடைந்த கதையைச் சொன்னேன்.

மார்ச் 14

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை என் தம்பியுடையது என்று சொன்னேன். அட்டையைக் கேட்டாள். "தெரியும்" என்றாள்.

மார்ச் 21

கழுத்தில் துளை போட்டு நிரந்தரமாக மெஷின் வைக்கலாமா என்று டாக்டர் அவளிடமே கேட்டார். இரண்டு தடவை கண்ணை மூடினாள். கோகிலா வெளியே போய்விட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னால் அதுதான் என்றேன்.

மார்ச் 26

காலை ஆறரை.

ஏப்ரல் 19

கோத்தகிரி வீட்டைக் காலி செய்யப் போனேன். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன்.

மரத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. என் கம்பி ஒன்றுகூட இல்லை. வலதுபக்கம் நான் மூன்று தடவை சுற்றிய கிளை இருந்த இடத்தில் ஆறிவரும் வெட்டுத் தழும்பு. மரத்தின் முகத்தையே கொஞ்சம் திருப்பியிருக்கிறார். சாய்வு இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது. நிஜமாகவே காற்று அடிக்கிற மாதிரி இருக்கிறது. வசந்தா கேட்டது இதுதான் என்று எனக்கே புரிந்தது.

ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலதுபக்கக் கிளை மரத்தின் சாய்வை மறைத்துக்கொண்டிருந்தது, வைத்திருக்க முடியாது, கேட்காமல் வெட்டிவிட்டேன் என்றார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன். நல்லாத்தான் இருந்தது. டீ குடித்தோம்.

மே மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் இந்தச் சிறுமரங்களை வளர்ப்பவர்கள் சங்கத்தின் கண்காட்சி. மரத்தின் முன்னால் ஒரு அட்டை வைப்பார்கள். மரத்தின் பெயர், வயது, வளர்த்தவர் பெயர். வளர்த்தவர் என்று வசந்தாமணி பெயரைத்தான் போடப்போகிறேன் என்றார். உங்கள் பெயரையே போடுங்கள் என்றேன்.

"ஏண்ணா?"

"அவ பேரப் போட்டா, பாக்கறவங்க அவங்க எங்கன்னு கேப்பாங்க. ஒருத்தர் நின்னு பதில் சொல்லோணுமில்ல."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேட்டைத் திறந்தவன், திரும்பிப் போய், அவள் பெயரையே எழுதுங்கள், அன்றைக்கு நான் வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 10

காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டேன். நாற்பது மரங்களுக்கு மேல். வசந்தாவின் மரம் ஜன்னல் பக்கம். பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரவில்லை.

முதலில் வந்தவர் ஒரு வாத்தியார். அட்டையைப் படித்துவிட்டு, வசந்தாமணி யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன். அவங்க வரலீங்களா என்றார். வரலைங்க என்றேன். போய்விட்டார்.

அடுத்து இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களிடமும் அதையே சொன்னேன்.

பதினொரு மணிவாக்கில் ஐம்பது வயசுப் பெண் ஒருவர் வந்தார். எல்லா மரத்தையும் அவசரமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், இதன் முன்னால் நின்றார். குனிந்து அடித்தண்டைப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்ப முன்பக்கம் வந்தார்.

"வெதையிலிருந்தா வளத்தாங்க?"

"ஆமாங்க."

"எனக்கு ரெண்டு பைன் பட்டுப்போச்சுங்க. அவங்ககிட்ட நாலு வார்த்த கேக்கலாம்னு பாத்தேன். இருக்காங்களா?"

என்னிடம் கேட்டவர்களில் இவர்தான் அவளிடம் பேச வேண்டும் என்று வந்தவர். வரவில்லை என்று சொன்னால் வீட்டுக்கு வருகிறேன் என்பார். போன் நம்பர் கேட்பார்.

"எறந்துட்டாங்க" என்றேன். "மார்ச் மாசம்."

நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோகிலாதான் எல்லாருக்கும் போன் செய்து சொன்னாள். நான் யாருக்கும் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை.

அந்தப் பெண் ஐயோ என்று சொல்லவில்லை. "உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தன் மரங்கள் எப்படிப் பட்டுப்போயின என்று சொன்னார். வசந்தா தண்ணீர் எப்படி ஊற்றுவாள், எந்த மாதம் எந்த இலையை எடுப்பாள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சீட்டு எடுத்துக் குறித்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு மண்டபம் மூடும்வரை இருந்தேன். அப்புறம் ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். எல்லாருக்கும் சொன்னேன்.